திண்ணன் தேடிய பச்சிலை

நோயாளியின் தலைமாட்டில் நின்றுகொண்டு "என்ன பாவம் பண்ணினானோ" என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது என்பது என் கட்சி. நாத்திகம் பேசுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். திருநெல்வேலிச் சைவக் குடும்பத்தில் பிறந்தவள் நான். விளக்கேற்றும் நேரத்தில் அப்பா தேவாரம் பாடுவார். பள்ளிப் பாடத்துக்கு முன்பே எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது. இன்றும் நீறு பூசாமல் ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைவதில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவராக அரசு மருத்துவமனைகளிலேயே தலை நரைத்தது. வினைக் கொள்கையை நான் மறுக்கவில்லை. அதை யார், யாரைப் பற்றி, எந்த நேரத்தில் சொல்லலாம் என்பதில்தான் எனக்கு வழக்கு. அந்த வழக்கைக் கிளப்பிவிட்டது ஒரு பூஞ்சை.

2021 மே மாதத்தில் தொலைக்காட்சியைப் போட்டால் கருப்புப் பூஞ்சை என்ற பேச்சாகவே இருந்தது பலருக்கு நினைவிருக்கும். எங்களுக்கு அது பழைய ஆள். மியூகார்மைகோசிஸ் என்ற இந்த நோயை 1885-லேயே பால்டாஃப் என்ற மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். சர்க்கரை முற்றிய நிலையில் ஆண்டுக்கு ஒருசிலர் வருவார்கள், பாதிப்பேரைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. அந்த மே மாதம் வார்டு முழுக்க அதுவே ஆனது. மே 20ஆம் தேதி தமிழக அரசு அதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. ஜூலையில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு, நாடு முழுவதும் 45,000-க்கு மேற்பட்ட நோயாளிகள், 4,300-க்கு மேற்பட்ட சாவுகள்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் ரைசோபஸ் என்ற பூஞ்சை. பழைய ரொட்டியில், அழுகும் பழத்தில், எருக்குழியில், வைக்கோற்போரின் அடியில் வளரும். அதன் வித்துத்தூள் காற்றில் எப்போதும் இருக்கிறது. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நீங்களும் கொஞ்சம் இழுத்திருப்பீர்கள். ஒன்றும் ஆகாது. ஆரோக்கியமான உடம்பில் வெள்ளணுக்கள் அதைப் பார்த்துக்கொள்ளும். மேலும், பூஞ்சை செழிக்க இரும்பு வேண்டும். ரத்தத்தில் இருக்கும் இரும்பை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிறது. சர்க்கரை கட்டுமீறி ரத்தத்தில் அமிலம் ஏறும்போது அந்தப் பிடி தளர்கிறது, இரும்பு வெளியே வருகிறது. ஸ்டீராய்டு வேறு சேர்ந்தால் வெள்ளணுக்களும் மந்தமாகிவிடும், சர்க்கரையும் இன்னும் ஏறும்.

இரும்பின் சங்கதி வெளிச்சத்துக்கு வந்ததில் டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. உடம்பில் தேங்கிய உலோகத்தை வெளியேற்ற அவர்களுக்கு டெஸ்ஃபெரியாக்சமின் என்ற மருந்தைக் கொடுத்த காலத்தில், சிலரை இந்தப் பூஞ்சை தாக்கியது. மருந்து பிடித்து வைத்த இரும்பையே பூஞ்சை பிடுங்கித் தின்றது என்று பிறகு புரிந்தது. அவர்களில் யாரும் சர்க்கரையை அலட்சியம் செய்தவர்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை. டாக்டர் சொன்ன மருந்தைச் சொன்னபடி ஏற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். பாவக் கணக்கு எழுதுகிறவர்கள் இவர்களை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்?

மூக்குக்குள் எண்டோஸ்கோப்பை விட்டுப் பார்த்தால் நடு டர்பினேட் என்கிற சதைமடல் இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். இந்த நோயில் அது முதலில் வெளிறும், பிறகு சாம்பல் பூக்கும், கடைசியில் கருத்துவிடும். கருவியின் நுனியால் தொட்டால் நோயாளி முகம் சுளிக்க மாட்டார். கிள்ளினால் ரத்தம் வராது. எனக்கு வயிற்றைப் பிசைகிற நிமிடம் அதுதான். பூஞ்சை ரத்தக் குழாயின் சுவரைத் துளைத்து உள்ளே வளர்கிறது, குழாய் அடைத்துக்கொள்கிறது, அதை நம்பியிருந்த சதை பட்டினியில் சாகிறது. கருப்பாகத் தெரிவது அந்தச் செத்த சதை. மூக்குக்கும் கண்குழிக்கும் நடுவே இருப்பது காகித கனத்தில் ஓர் எலும்பு. மூக்கின் கூரைக்கும் மூளைக்கும் நடுவே இருப்பதோ துளைகள் நிறைந்த மெல்லிய தகடு. கண்ணின் பின்புறம் வழியாகக் கேவர்னஸ் சைனஸ் என்ற சிரைத் தொகுதியைப் பிடித்தும் மூளைக்குள் ஏறிவிடும்.

ஆரம்பத்தில் சி.டி. ஸ்கேனை மட்டும் பார்த்தால் சாதாரண சைனஸ் வீக்கம் என்று தோன்றும். மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தால் உயிருள்ள சதை வெளுப்பாகத் துலங்கும், செத்தது இருட்டாகவே நிற்கும். என்றாலும் நான் அதிகம் நம்புவது, கிள்ளியெடுத்த துணுக்கைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டில் கரைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதைத்தான். கல்ச்சர் வளர நாளாகும், பலருக்கு வளராமலே போகும். இது ஒரு மணி நேர வேலை. அகலமான நாடாக்கள், குறுக்குச் சுவர் அநேகமாக இல்லாமல், செங்கோணமாகக் கிளைவிட்டுக் கிடக்கும். "மியூகர்தான் மேடம்" என்று மைக்ரோபயாலஜியிலிருந்து போன் வந்துவிட்டால் அன்றிரவே தியேட்டர்.

அந்த மே மாதத்தில் வந்தவர்களில் பாளையங்கோட்டைப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர். மூச்சுத் திணறல் இல்லாத கொரோனா. ஆனாலும் வீட்டுப் பக்கத்துக் கிளினிக் ஒன்றில் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சீட்டு முடிந்த பிறகும் அதையே காட்டி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். ஆக்சிஜன் தேவைப்படுகிறவருக்கு டெக்சாமெத்தசோன் தினம் 6 மில்லிகிராம், அதிகம் போனால் 10 நாள், ஆக்சிஜன் தேவைப்படாதவருக்குப் பலனில்லை என்று ரெக்கவரி ஆய்வு 2020 ஜூனிலேயே சொல்லிவிட்டது. எங்கள் கைக்கு வரும்போது அண்ணாச்சியின் சர்க்கரை 400-க்கு மேல். இடது கன்னம் மரத்து, மேல் கடைவாய்ப் பல் ஆடி, இடது இமை பாதி இறங்கியிருந்தது. பல்வலி என்று முதலில் பல் டாக்டரிடம் போய்விட்டு வந்திருந்தார்.

கூட வந்தது மனைவியும் அக்காவும். அக்கா நல்லவர், வார்டில் மற்றவர்களுக்கும் கஞ்சி கொண்டுவந்து கொடுப்பார். ஆனால் நான் சோதித்து முடித்ததும், தம்பியின் காதுபடவே சொன்னார்: "எங்க அப்பா ஒருத்தர ஏமாத்தி வாங்குன எடத்துலதான் இவன் கடையப் போட்டான் டாக்டரம்மா. அப்பமே சொன்னேன், அந்தப் பாவம் சும்மா விடாதுன்னு." அண்ணாச்சி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று ராத்திரி அவர் இன்சுலினும் வேண்டாம் என்றுவிட்டார். பட வேண்டியது என்று எழுதியிருந்தால் பட்டுத்தானே ஆக வேண்டும் என்று நர்ஸிடம் சொன்னாராம்.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. முன்னே சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்போது அனுபவத்துக்கு வந்துள்ள பிராரத்தம், இனி சேரப்போகும் ஆகாமியம். வினை தானாக வந்து ஒருவரைப் பிடிக்காது, உயிருக்கும் அதன் கணக்கு தெரியாது, அறிந்து ஊட்டுகிறவன் இறைவன் என்பதும் அதே சித்தாந்தம். அப்படியானால் தம்பியின் கணக்கை எட்டிப் பார்க்க அக்காவுக்கு அங்கே இடமேது? சூலை நோயில் துடித்த நாவுக்கரசர் திருவதிகையில் பாடிய பதிகத்தில், தெரியாமல் எத்தனையோ கொடுமை செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். அவரே சொல்கிறார், தன்னைப் பற்றிச் சொல்கிறார். நாவுக்கரசருக்குத் திலகவதியாரும் அக்காதான். தன்னை விட்டுவிட்டு வேறு சமயம் போன தம்பியைச் சுட்டிக்காட்ட அவருக்குக் காரணம் இல்லாமலா இருந்தது? பெரியபுராணத்தில் அவர் செய்வது, காலில் விழுந்தவரை எழுப்பி, நீறு கொடுத்து, கோயிலுக்கு அழைத்துப் போவது.

சம்பந்தர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தபோது பாடியது திருநீலகண்டப் பதிகம். இது பழைய வினையின் பலன் என்று சொல்லத் தெரிகிற நீங்கள், பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்கள் குறைதானே என்று அதன் தொடக்கத்திலேயே கேட்டுவிடுகிறார். வினையை அவர் மறுக்கவில்லை. அதைக் காட்டிச் சும்மா உட்கார்ந்திருப்பதைத்தான் மறுக்கிறார். அடுத்த நாள் காலையில் அண்ணாச்சியிடம் நான் இதைத்தான் சொன்னேன். மருத்துவர் மதம் பேசலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இன்சுலினை மறுத்ததே மதத்தின் பேரில்தானே. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

எங்கள் கூட்டத்தையும் இந்த இடத்தில் விட்டுவிட மனமில்லை. "சுகரைக் கவனிக்காம விட்டா இப்படித்தான், நீங்களா வரவழைச்சுக்கிட்டது" என்று ரவுண்ட்ஸில் நோயாளியைச் சுற்றி நின்று சொல்கிறோமே, அதுவும் வெள்ளைக் கோட்டுப் போட்ட வினைக் கொள்கைதான். சர்க்கரைதான் காரணம் என்பது உண்மை, மறைக்கச் சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில், இன்சுலின் போடும் முறையைக் கையைப் பிடித்துச் சொல்லித் தரும்போது சொன்னால் அது ஆகாமியத்துக்கு உதவும். முகம் மரத்துக் கிடக்கிறவனிடம் சொன்னால் அக்கா சொன்னதற்கும் நாம் சொன்னதற்கும் வித்தியாசமில்லை.

தியேட்டரில் எங்களுக்கு ஒரே விதி: ரத்தம் வரும் வரை எடு. செத்த சதைக்குள் மருந்தைக் கொண்டுபோக ரத்தம் இல்லை, ஆகையால் செத்தது அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். வேறு ஆபரேஷன்களில் ரத்தத்தைக் கண்டால் திட்டுகிற நாங்கள் இதில் அதற்காகக் காத்திருப்போம். அண்ணாச்சியின் இடது சைனஸ்கள், மேல் தாடையில் ஒரு பகுதி, அண்ணத்தில் ஒரு துண்டு போயின. கண் மிச்சமிருந்தது. அசைவில்லை, டார்ச் வெளிச்சம்கூடத் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ.யில் கண்குழியின் பின் முனை வரை இருட்டு.

அந்தப் பருவத்தில் கண்ணுக்குப் பின்னால் ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்தை ஊசியாகப் போட்டுப் பலருடைய கண்ணைக் காப்பாற்றினோம். பரவல் கொஞ்சமாக இருந்தால்தான் அது சரிவரும். அண்ணாச்சி அதைத் தாண்டிவிட்டார். கண்ணை எடுத்தால் உயிர் நிச்சயம் என்று சொல்ல எங்களிடம் உறுதியான ஆதாரம் கிடையாது, மருத்துவர்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. எடுக்காவிட்டால் மூளைக்குப் போய்விடும் என்ற பயம் மட்டும் நியாயமானது. இவ்வளவையும் மனைவியிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "கண்ணப்பர் சாமிக்குக் குடுத்தாரு. நாங்க இத யாருக்குக் குடுக்கோம் டாக்டரம்மா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் பெரியபுராணத்தை எடுத்துக் கண்ணப்பர் கதையை மறுபடி படித்தேன். நாம் வழக்கமாகச் சொல்லும்போது, பிறகு கண்ணப்பரான திண்ணன் உடனே கண்ணைத் தோண்டிவிடுகிறான். சேக்கிழார் அப்படிச் சொல்லவில்லை. சாமியின் கண்ணில் ரத்தம் வழிவதைக் கண்டதும் திண்ணன் பதறி விழுகிறான். எழுந்து வில்லை எடுத்துக்கொண்டு, இதைச் செய்தது யார் என்று மலையெல்லாம் தேடுகிறான். மனிதனும் இல்லை, மிருகமும் இல்லை. அப்புறம், அம்புக் காயத்துக்கு வேடர்கள் வைக்கும் பச்சிலை ஞாபகம் வருகிறது. ஓடிப்போய்ப் பறித்துவந்து பிழிகிறான். நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஊனுக்கு ஊன் என்ற எண்ணமே வருகிறது. எதிரி, மருந்து, பிறகு கண். இந்த வரிசையில், யார் செய்த பாவத்தால் வந்தது என்ற கேள்வி எங்குமே இல்லை. எதிராளி கிடைக்கவில்லை என்றதும் அவன் யார்மேலாவது பழியைப் போட்டுவிட்டு நிற்கவுமில்லை, மருந்துக்குப் போய்விட்டான். அறுவை என்பது அவனுக்குக் கடைசி. பக்தியின் சிகரம் என்று கொண்டாடுகிற அந்தக் கதையில் பாதி நேரம் வைத்தியம்தான் நடக்கிறது என்பதை நான் அதுவரை கவனித்ததே இல்லை.

அந்த அம்மாளுக்கு மறுநாள் இதை அப்படியே சொன்னேன். பச்சிலை போட்டாயிற்று, நிற்கவில்லை, இனி இதுதான் இருக்கிறது என்றேன். தியாகம், புண்ணியம் என்று நான் பூச்சூட்டவில்லை. கண்ணப்பர் மனமுவந்து கொடுத்தார், அண்ணாச்சியிடமிருந்து பறிபோகிறது. இரண்டையும் ஒன்றென்று சொல்வது பொய்.

கேட்டுக்கொண்டு படுத்திருந்த அண்ணாச்சிதான் முடிவு சொன்னார்: "என் வினைய நானே தீத்துட்டுப் போறேன். எடுத்துருங்க. கடை கெடக்கு, புள்ளைக கெடக்கு." அக்கா சொன்ன அதே கொள்கை. அக்கா வாயிலிருந்து வந்தபோது அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பியது, அவர் வாயிலிருந்து வந்தபோது கையெழுத்துப் போட வைத்தது.

பிறகு வாரக்கணக்கில் லிபோசோமல் ஆம்போடெரிசின். கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் 60 கிலோ ஆளுக்குத் தினம் 300 மில்லிகிராம், 50 மில்லிகிராம் குப்பி ஆறு. குளிரெடுத்துக் கட்டில் ஆடும். சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும், பொட்டாசியம் இறங்கிக்கொண்டே போகும். உப்பு நீரில் கலந்தால் மருந்து திரிந்துவிடும் என்பதால் சர்க்கரை நோயாளிக்கு டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலில்தான் ஏற்ற வேண்டும். வேடிக்கைதான்.

இந்த மருந்து எங்கிருந்து வந்தது என்பதைப் பக்தர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1950-களில் வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றங்கரை மண்ணிலிருந்து எடுத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிரிலிருந்து கண்டெடுத்தது. பூஞ்சையும் மண், மருந்தும் மண். மக்கச்செய்வது ரைசோபஸின் வேலை, அந்த வேலை நின்றால் உலகம் குப்பைமேடாகிவிடும். ஐந்தொழிலில் அழித்தலும் இறைவன் செயல், அது உயிர்களுக்கு இளைப்பாறுதல் என்று சித்தாந்தம் சொல்வதை எருக்குழிக்குப் பக்கத்தில் நின்றால் என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது. வார்டில் நின்றுகொண்டு ஒப்புக்கொள்ள முடியவில்லை. பூஞ்சை அவன் சித்தம் என்று சொல்கிறவர், அதே மூச்சில் ஒரினோகோ மண்ணும் அவன் சித்தம் என்று சொல்லட்டும், அப்புறம் பேசலாம். நோய் வந்தால் சித்தம், மருந்து வந்தால் டாக்டரின் கைராசி என்பது என்ன நியாயம்?

அந்த மே, ஜூனில் மருந்து தட்டுப்பாடு. ஜூன் 12ஆம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் அதன் வரியை நீக்கியது. வரி போனாலும் குப்பி வந்தால்தானே. வந்ததை யாருக்குக் கொடுப்பது? மூளையைத் தொட்டுவிட்டவருக்கா, இன்னும் தொடாதவருக்கா? சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவருக்கு லிபோசோமல், மற்றவருக்குப் பழைய ஆம்போடெரிசின் என்றெல்லாம் பேசிப் பேசிப் பிரித்தோம். அவரவர் வினைப்படி ஆகட்டும் என்று விட்டிருந்தால் எங்களுக்கு அந்த இரவுகளில் தூக்கமாவது வந்திருக்கும்.

மூளைக்குள் ஏறியவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்மா" என்று குடும்பம் கேட்கும் நாள் வரும். எல்லாம் செய்து பார்த்த பிறகு, ஒரு தகப்பனார் "சிவன் கூப்பிட்டுக்கிட்டான்" என்றார். நான் தலையாட்டினேன். அங்கே அந்தச் சொல் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை, எந்த மருந்தையும் தடுக்கவுமில்லை.

அண்ணாச்சி பிழைத்தார். அண்ணத்து ஓட்டைக்கு அளவெடுத்து ஒரு தகடு செய்து மாட்டியிருக்கிறார்கள். சோறு மூக்கில் ஏறுவதில்லை, பேச்சும் புரிகிறது. கருப்புக் கண்ணாடியோடு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா இன்னும் அந்த இடத்தை விற்றுவிடு என்றுதான் சொல்கிறாராம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ சர்க்கரை உள்ளவர், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் யாராவது இருப்பார்கள். அவருக்கு ஒரு பக்கக் கன்னம் மரத்தாலோ வீங்கினாலோ, காரணமில்லாமல் மேல் பல் ஆடினாலோ, மூக்கிலிருந்து ரத்தம் கலந்தோ கருத்தோ நீர் வந்தாலோ, இமை இறங்கினாலோ, பார்ப்பது இரண்டாகத் தெரிந்தாலோ அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போய், எண்டோஸ்கோப் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நாளைக் காலை என்று தள்ளாதீர்கள். போகிற வழியில் அவரிடம் பழைய கணக்கு எதையும் எடுக்காதீர்கள்.